எல்லா டீமும் டார்கெட்டை முடித்துவிட்டது, கம்பெனி மட்டும் பின்தங்கிவிட்டது. எங்கே தவறுகிறோம்?

புதுமேனேஜர் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறு வியாபாரிகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். நான் சேர்ந்தபோது மொத்தம் 12 பேர், இப்போது 60. அந்த 12 பேர் காலத்தில் இலக்கு என்று எதையும் எழுதி வைத்த நினைவே எனக்கு இல்லை. யார் என்ன செய்கிறார்கள் என்பது தானாகவே காதில் விழும், காலையில் ஒரு கஸ்டமர் கோபமாகப் பேசினால் மாலைக்குள் அந்தப் பகுதியை எழுதிய டெவலப்பருக்கே விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆட்கள் கூடியதும் போன வருடம் ஓகேஆர் முறையைக் கொண்டுவந்தோம், அதாவது ஒரு நோக்கத்தையும் அதை எட்டினோமா என்று காட்டும் சில அளவீடுகளையும் சேர்த்து எழுதும் முறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டீமும் தன் இலக்குகளை ஒரு ஷீட்டில் எழுதும், வாராவாரம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுவோம். போன குவார்ட்டர் முடிவில் ஷீட்டில் ஏறக்குறைய எல்லாமே பச்சை. சேல்ஸ் டீம் புதுக் கஸ்டமர் டார்கெட்டைத் தாண்டிவிட்டது. புராடக்ட் டீம் (நான் இங்கேதான், 9 பேருக்குப் பொறுப்பு) சொன்ன 11 வசதிகளில் 10-ஐ வெளியிட்டது. சப்போர்ட் டீம் ஒரு புகாரை முடிக்க ஆகும் சராசரி நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. அதே மூன்று மாதத்தில்தான் சந்தாவைப் புதுப்பிக்காமல் விலகிப் போன கஸ்டமர்கள் இதுவரை இல்லாத அளவுக்கு அதிகம்.

ரிவ்யூ மீட்டிங்கில் எல்லோரும் தங்கள் பச்சையைக் காட்டினார்கள், கடைசியில் நிறுவனர் அந்த ஒரு எண்ணைப் போட்டார், அறையே அமைதியாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியாக இருக்கவும் இல்லை. என் டீமில் இரண்டு பேர் விடுமுறையைக்கூடத் தள்ளிப்போட்டு உழைத்தார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்வது? அடுத்த குவார்ட்டர் இலக்குகளை எழுத இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. இதே தவறை மறுபடி செய்யாமல் இருக்க எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

இரண்டாம்மாடி:

முதலில் அந்த இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: கொடுத்த வேலையை நன்றாகச் செய்தீர்கள், கொடுத்த வேலையை நாங்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்தோம் என்று. மேனேஜர் வாயிலிருந்து இது வராவிட்டால் அவர்களாகவே வேறு ஏதாவது காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று டீமின் இலக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேல்ஸின் வேலை கஸ்டமரை உள்ளே கொண்டுவருவதோடு முடிந்துவிடுகிறது, அவர் தங்குகிறாரா என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. உங்கள் டீம் எத்தனை வசதி வெளியிட்டது என்று எண்ணுகிறது, அதை எத்தனை பேர் தொட்டார்கள் என்று எண்ணவில்லை. புகாரை எவ்வளவு சீக்கிரம் மூடினோம் என்பது சப்போர்ட்டின் எண், அதே கஸ்டமர் அதே புகாரோடு மறு வாரம் திரும்பி வந்தால் அது ஒரு புதுப் புகார், அதையும் சீக்கிரம் மூடினால் சராசரி இன்னும் அழகாகத் தெரியும். கஸ்டமர் தங்குவது என்ற ஒன்று யாருடைய ஷீட்டிலும் இல்லை. ஆகவே அதை யாரும் பார்க்கவில்லை.

12 பேராக இருந்தபோது இது ஏன் நடக்கவில்லை என்றால், அப்போது இலக்கு ஷீட்டில் இல்லை, காதில் இருந்தது. மென்பொருள் குழுக்களைப் பற்றி அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, பாதியாக்கினால், யாரும் யாரோடும் பேசக்கூடிய ஜோடிகள் எத்தனை என்று கிடைத்துவிடும். 12 பேருக்கு 66 ஜோடி, 60 பேருக்கு 1,770. ஆட்கள் ஐந்து மடங்கு கூடினார்கள், பேச்சு வழிகளோ ஏறக்குறைய 27 மடங்கு. விஷயம் தானாகப் பரவும் என்ற நம்பிக்கை அங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்குப் பதிலாக ஒன்றை நாமே வேண்டுமென்று கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒரு ஷீட்டைக் கட்டினீர்கள், ஆனால் அதில் ஒவ்வொரு டீமும் தன் பத்தியை மட்டும் பார்க்கிறது.

அடுத்த குவார்ட்டருக்கு என் யோசனை: டீம்களிடம் இலக்கு கேட்பதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரே ஒரு இலக்கு, மிஞ்சினால் இரண்டு, எழுதுங்கள். "கஸ்டமர் தங்க வேண்டும்" என்பது உங்கள் விஷயத்தில் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் ஒவ்வொரு டீமிடமும் இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். புதுப்பித்தல் விகிதத்தை அப்படியே டார்கெட்டாக வைக்காதீர்கள். உங்களுடையது வருடச் சந்தா என்றால், இன்று விலகுகிறவர் ஒரு வருடத்துக்கு முன்னால் வாங்கியவர். இந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்யும் நல்ல காரியம் அந்த எண்ணில் தெரிய இன்னும் பல மாதம் ஆகும், அதற்குள் எல்லோரும் சோர்ந்துவிடுவார்கள். முன்கூட்டியே தெரியும் அறிகுறி ஒன்றைத் தேடுங்கள். பழைய தரவை எடுத்து, தங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்து, விலகியவர்கள் செய்யாத விஷயம் எது என்று பாருங்கள். எங்களிடம் அது, வாங்கிய முதல் 30 நாளுக்குள் கஸ்டமர் தன் சொந்தப் பொருள் பட்டியலை உள்ளே ஏற்றினாரா என்பதாக இருந்தது. உங்களிடம் வேறாக இருக்கலாம், தேடாமல் ஊகிக்க வேண்டாம். இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் போனாலும் போகட்டும்.

நிதிப்பிரிவு:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பச்சைக்கும் போனஸுக்கும் தொடர்பு உண்டா? சேல்ஸ் இன்சென்டிவ் எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? அப்ரைசலில் ஓகேஆர் மதிப்பெண் வருகிறதா?

வருகிறது என்றால், ஷீட்டை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் பலன் இருக்காது. சம்பளம் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் மனிதர்கள் பார்ப்பார்கள், அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்தை, மானிடவியலாளர் மேரிலின் ஸ்ட்ராதர்ன் 1997-ல் எல்லோருக்கும் புரியும்படி சுருக்கினார்: ஒரு அளவீடு இலக்காக மாறினால் அது நல்ல அளவீடாக இருப்பது நின்றுபோகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. கிளை ஊழியர்களுக்கு அந்த அழுத்தம் தாங்கவில்லை, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது, அதுவரை சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்திருந்தார்கள். அப்படிப்பட்ட கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு வருடம் மதிப்பிட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் அந்த இலக்கு குறிப்பானது, அளக்கக்கூடியது, தெளிவானது, எல்லாம் சரியாகவே இருந்தது.

ஓகேஆர் என்பதே இந்தப் பிரச்சினையைத் தெரிந்து உருவானதுதான். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954-ல் சொன்ன இலக்கு வழி நிர்வாகத்தை, 1970-களில் சிப் கம்பெனியான இன்டெல்லில் அதன் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ் தனக்கேற்றபடி மாற்றினார். அங்கே வேலை பார்த்த ஜான் டோர், 1999-ல் அதை அப்போது ஆரம்ப நிலையில் இருந்த கூகுளுக்குக் கொண்டுபோனார். கூகுளில் மதிப்பெண் 0-விலிருந்து 1.0 வரை, ஒரு இலக்கில் 0.6 முதல் 0.7 வரை எடுத்தாலே அது நல்ல மதிப்பெண், தொடர்ந்து 1.0 எடுக்கிறவர் இலக்கைச் சின்னதாக வைத்துவிட்டார் என்று அர்த்தம். இப்படிச் சொல்ல வேண்டுமானால் மதிப்பெண் குறைந்ததற்காக யாருக்கும் பணம் குறையக்கூடாது. போனஸோடு கட்டிவிட்டால் யாரும் 0.7-க்குத் துணியமாட்டார்கள், உங்கள் ஷீட் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். உண்மையில் உங்கள் பதிவில் என்னைக் கவலைப்படவைத்ததே அந்த எல்லாம் பச்சை என்ற வரிதான்.

புதுமேனேஜர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நிதிப்பிரிவு கேட்டதற்குப் பதில்: ஆம், சேல்ஸ் இன்சென்டிவ் முழுவதும் புதுக் கஸ்டமர் எண்ணிக்கையை வைத்துத்தான். எங்களுக்கு நேரடியாக இல்லை, ஆனால் அப்ரைசல் படிவத்தில் "குவார்ட்டர் இலக்குகளில் எத்தனை சதவீதம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நான் இதுவரை பெரிதாக நினைத்ததில்லை.

இன்னும் இரண்டு சிக்கல். முதலாவது, நிறுவனரிடம் இப்போது 9 முன்னுரிமைகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டாகக் குறைக்கச் சொன்னால் "மற்றதெல்லாம் முக்கியமில்லையா" என்று கேட்பார், கேட்டும் இருக்கிறார். நல்ல மனிதர், பயமுறுத்துகிறவர் இல்லை, ஆனால் எதையும் விட மனம் வராது. இரண்டாவது, நாங்கள் வெளியிடாமல் போன அந்த 11-ஆவது வசதிதான் கஸ்டமர்கள் அதிகம் கேட்டது. மென்பொருளின் அடித்தளப் பகுதியைக் கவனிக்கும் பிளாட்ஃபார்ம் டீம் ஒரு மாற்றம் செய்து தந்தால்தான் அது நடக்கும். குவார்ட்டர் ஆரம்பத்தில் கேட்டேன், சரி செய்துவிடலாம் என்றார்கள். அவர்கள் இலக்குப் பட்டியலில் அது இல்லவே இல்லை என்பது எட்டாவது வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தென்றல்:

நான் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 60 பேர் கம்பெனிக்கு ஓகேஆர் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் அதைக் கம்பெனி, பிரிவு, டீம், தனி ஆள் என்று நான்கு அடுக்குக்கு இறக்கினார்கள். ஒவ்வொரு குவார்ட்டரிலும் முதல் மூன்று வாரம் எழுதுவதிலேயே போய்விடும், கடைசி வாரம் மதிப்பெண் போடுவதில் போய்விடும். இருப்பது 13 வாரம். தனி ஆள் அளவுக்கு எந்தக் காரணம் கொண்டும் இறக்காதீர்கள், டீம் அளவோடு நிறுத்துங்கள்.

நிறுவனர் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். அவரோடு வாதாடாதீர்கள், ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வெவ்வேறு டீமில் ஆறேழு பேரைத் தேர்ந்தெடுத்து, தனித்தனியாக, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மூன்று மாதத்தில் கம்பெனிக்கு மிக முக்கியமான விஷயம் எது என்று நினைக்கிறீர்கள்?" அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அதே கேள்வியை நிறுவனரிடமும் கேளுங்கள். அப்புறம் எல்லாப் பதிலையும் ஒரே தாளில் அவர் முன்னால் வையுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. ஒன்பது முன்னுரிமை இருந்தால் அதில் எது முதல் என்று ஒவ்வொரு டீமும் தனக்கு வசதியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அதாவது முன்னுரிமையை நிறுவனர் முடிவு செய்யவில்லை, 60 பேரும் ஆளுக்கொரு விதமாக முடிவு செய்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் அவருக்கே இது புரியும் என்று நம்புகிறேன்.

மற்றதெல்லாம் முக்கியமில்லையா என்று கேட்டால், முக்கியம்தான், இந்த மூன்று மாதத்தில் இல்லை என்று சொல்லுங்கள். அவர் விட வேண்டியதில்லை, வரிசைப்படுத்தினால் போதும். "இந்தக் குவார்ட்டரில் செய்யமாட்டோம்" என்று தலைப்புப் போட்டு மீதி ஏழையும் எழுதி அவர் கையாலேயே எல்லோருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இலக்குகளின் பட்டியலைவிட இந்தப் பட்டியல்தான் டீம்களுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் யாராவது வந்து "இதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்று கேட்டால் கைகாட்ட ஒரு இடம் இருக்கும்.

பிளாட்ஃபார்ம் டீம் உங்களை ஏமாற்றவில்லை. நடைபாதையில் சொன்ன சரி அது, அவர்கள் தட்டில் அதற்கு இடமில்லை. ஜப்பானிய கம்பெனிகளில் ஹோஷின் கன்ரி என்ற இலக்கு முறை இருக்கிறது, அதில் இலக்கை மேலிருந்து கீழே அப்படியே இறக்குவதில்லை. பந்தை எறிந்து பிடிப்பது போல மேலும் கீழும், டீமுக்கு டீமும், "இது வேண்டும்", "இவ்வளவுதான் முடியும்", "அப்படியானால் இதை விட்டுவிடுகிறோம்" என்று போய்வந்த பிறகுதான் முடிவாகும். அதற்கு கேட்ச்பால் என்றே பெயர். உங்கள் நான்கு வாரத்தில் ஒரு முழு வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு டீமும் தன் வரைவு இலக்குகளோடு, "இதற்கு எனக்கு உங்களிடமிருந்து இது தேவை" என்பதையும் எழுதி எதிர் டீமிடம் நேரில் கொடுக்கட்டும். எதிர் டீம் அதைத் தன் பட்டியலில், ஒரு ஆளின் பெயரோடும் தேதியோடும் சேர்த்தால் அது சரி. சேர்க்கவில்லை என்றால் அது முடியாது என்று எடுத்துக்கொண்டு உங்கள் இலக்கை அன்றே மாற்றுங்கள். எட்டாவது வாரத்தில் கேள்விப்படுவதைவிட முதல் வாரத்தில் முடியாது என்று கேட்பது எவ்வளவோ மேல்.

டெஸ்டர்_2:

எல்லோரும் மேலிருந்து பேசுகிறீர்கள், நான் கீழிருந்து சொல்கிறேன். எனக்கு மேனேஜர் பதவி எதுவும் இல்லை, நான்கு வருடமாக டெஸ்டிங் செய்கிறேன்.

இலக்கு என்ன என்பது எங்களுக்குப் பெரும்பாலும் தெரியும், ஷீட்டில் இருக்கிறதே. ஏன் என்பதுதான் தெரியாது. "இந்த மாதம் 4 ரிலீஸ்" என்று சொன்னால் நான் 4 ரிலீஸுக்கு டெஸ்ட் செய்வேன். "புதுக் கஸ்டமர்கள் முதல் வாரத்திலேயே குழம்பி விட்டுவிடுகிறார்கள், அதைச் சரிசெய்யத்தான் இந்த ரிலீஸ்" என்று சொன்னால், முதல் முறை உள்ளே வருகிறவர் எந்தத் திரையில் மாட்டிக்கொள்வார் என்று தேடித்தேடி டெஸ்ட் செய்வேன். ஆள் அதே ஆள், நேரமும் அதே நேரம். போன வருடம் ஒரு பிழையை நான் "சிறியது" என்று குறித்துவிட்டேன், எங்கள் பட்டியல்படி அது சிறியதுதான், ஆனால் புதுக் கஸ்டமர் பதிவு செய்யும் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம்தான் அந்தக் குவார்ட்டரின் உயிர்நாடி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னும் மனதில் உறுத்துகிறது.

இன்னொன்று, நடுவில் இலக்கை மாற்றுவது. மாற்றட்டும், நிலைமை மாறினால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழையது நின்றுவிட்டது என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நாங்கள் பழையதையும் சுமந்துகொண்டு புதியதையும் தூக்குகிறோம், வார இறுதியில் இரண்டும் அரைகுறை. இருவர் விடுமுறையைத் தள்ளிப்போட்டார்கள் என்றீர்களே, எந்த வேலைக்காக என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம்மாடி:

டெஸ்டர்_2 சொன்னது எனக்கே பாடம், நன்றி.

நிதிப்பிரிவுக்கு ஒரு கேள்வி. சேல்ஸ் இன்சென்டிவை இலக்கிலிருந்து முழுக்கப் பிரிக்க முடியாதே, அந்த வேலையின் சம்பள அமைப்பே அப்படி. பணத்தில் ஒரு பகுதியை விற்ற அன்றும், மீதியைக் கஸ்டமர் 90 நாள் தொடர்ந்து பயன்படுத்திய பிறகும் கொடுத்தால்?

நிதிப்பிரிவு:

கொடுக்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனை. குவார்ட்டர் நடுவில் மாற்றக்கூடாது, ஏற்கெனவே விற்றதற்குப் பழைய விதிப்படிதான் பணம். அடுத்து, அந்த 90 நாளில் கஸ்டமர் விலகினால் காரணம் சேல்ஸா, மென்பொருளா என்ற சண்டை நிச்சயம் வரும். வாங்கும்போது சேல்ஸ் என்ன வாக்குக் கொடுத்தது என்பதை ஒரு பத்தியில் எழுதி சப்போர்ட்டிடம் ஒப்படைக்கும் பழக்கத்தை முதலில் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பணத்தைத் தொடுங்கள். அப்ரைசல் படிவத்தில் இருக்கும் அந்தச் சதவீதக் கட்டத்தை மட்டும் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

புதுமேனேஜர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போகக்கூடாது என்பதற்காக.

தென்றல் சொன்னபடி 7 பேரிடம் கேட்டேன், 5 வெவ்வேறு பதில் வந்தது. நிறுவனர் சொன்ன பதில் அந்த ஐந்திலும் இல்லை. தாளை அவர் முன்னால் வைத்தபோது நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் "நான் போன மாதம் மீட்டிங்கில் சொன்னேனே" என்றார். சொன்னார்தான், ஒன்பதில் ஆறாவதாகச் சொன்னார். இரண்டாகக் குறைக்கப் பார்த்தோம், மூன்றாவது ஒன்றை விடவே முடியாது என்று வைத்துக்கொண்டார், நானும் வற்புறுத்தவில்லை. செய்யமாட்டோம் என்ற பட்டியலை அவரே எழுதி அனுப்பினார், அதில் என் டீம் ஆசையாக வைத்திருந்த ஒரு வேலையும் இருக்கிறது. கஷ்டமாகத்தான் இருந்தது.

பழைய தரவைப் பார்த்ததில், முதல் மாதத்தில் குறைந்தது இரண்டு பேர் உள்நுழைந்து பயன்படுத்திய கடைகள் தங்கியிருக்கின்றன, முதலாளி ஒருவர் மட்டும் பயன்படுத்திய கடைகள்தான் பெரும்பாலும் விலகியிருக்கின்றன. இது காரணமா வெறும் தற்செயலா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, அதனால் முதல் நான்கு வாரம் ஒரு சின்னக் கூட்டத்தோடு சோதித்துப் பார்க்கிறோம்.

பிளாட்ஃபார்ம் டீம் இரண்டு கோரிக்கைக்கு முடியாது என்றார்கள், ஒன்றை ஐந்தாவது வாரத் தேதியோடு தங்கள் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அந்த 11-ஆவது வசதிதான் அது. சேல்ஸ் இன்சென்டிவ் இன்னும் பேச்சில் இருக்கிறது, முடிய நாளாகும். சதவீதக் கட்டம் போய்விட்டது.

டெஸ்டர்_2, அந்த இருவரிடமும் கேட்டேன். நடுவில் நாங்கள் கைவிட்ட ஒரு ரிப்போர்ட் வசதிக்காகத்தான் விடுமுறையைத் தள்ளியிருக்கிறார்கள். அது கைவிடப்பட்டது என்று நான் பிளாட்ஃபார்ம் டீமிடம் சொல்லியிருந்தேன், என் டீமில் இருக்கும் அவர்களிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். இந்த மாதக் கடைசியில் இருவரும் பத்து நாள் விடுமுறையில் போகிறார்கள்.